மெயில் வராத நாட்கள்

டிராயிங் செக்‌ஷனின் விர்ச்சுவல் மெஷின் காலையில் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வினோதா பதறவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்பு வார்க்கும் அந்தக் கம்பெனியில், ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போலப் பல மெஷின்கள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் இரவில் பேக்கப் உண்டு. எடுத்து ஏற்றிவிட்டால் போயிற்று என்றுதான் திறந்தாள். கடைசி பேக்கப் பொங்கல் சமயத்தில் எடுத்தது. இப்போது பங்குனி.

பேக்கப் ஆனதா என்று பார்த்து மெயில் அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதியவளே அவள்தான். முதலில் மெயில் தினமும் வந்துகொண்டிருந்தது, டிராயிங் செக்‌ஷனுக்கும். "தெனம் நல்லாக்கீது, நல்லாக்கீதுன்னு. பேஜாரா கீதுக்கா" என்று டிராயிங் போடும் ஸ்டீவன் கேலி செய்ய, தப்பானால் மட்டும் சொல் என்று மாற்றி எழுதினாள்.

கார்த்திகையில் வயிற்றில் இருந்தது மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. லீவு முடிந்து வந்த அன்று அவள் பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது. மாற்றினாள். ஸ்கிரிப்டுக்குள் பழையதே கிடந்தது. ஸ்கிரிப்டு அன்றே நின்றுவிட்டது. பிறகு டிஸ்க் நிரம்பி பேக்கப்பும் நின்றபோது சொல்ல ஆளில்லை. மெயில் வராத ஒவ்வொரு காலையும் அவளுக்கு நிம்மதியாகவே விடிந்தது.

அதே நாட்களில்தான் மதிவாணனிடமும் சொன்னாள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஷிப்டு பார்க்கிற கணவன், மணிக்கொரு தரம் போன் போட்டு உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "சும்மா கேட்டுக்கினே இருக்காத. எதுனா ஆச்சின்னா நானே சொல்றேன்." அவன் நிறுத்திக்கொண்டான். வருவான், சாப்பிடுவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு கூடவே படுத்து எழுந்தது. இப்படியே போனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியே குடியிருப்பார்கள் என்று தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை.

பொங்கலுக்குப் பின் போட்ட டிராயிங் எல்லாம் போனது தெரிந்து, ஸ்டீவன் வந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"போனது போட்டும்க்கா. பிரிண்டு கீது, மறுபடி போட்டுக்கலாம். உன் மெயிலத் திட்டுன பாவம், வேற இன்னா."

"சாரி ஸ்டீவன்."

"தெனம் அனுப்பிடுக்கா. படிக்கல்லாம் மாட்டேன். வந்துச்சான்னு பாத்துக்குவேன்."

ஸ்கிரிப்டில் புதிய பாஸ்வேர்டைப் போட்டு, தப்பானால் மட்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையை அழித்தாள். ஓடவிட்டாள். மெயில் வந்தது, நின்றுபோன பேக்கப்புகளால் பாதி சிவப்பாக. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ வேளையில் கேட்டுக்கு வெளியே வந்து போனை எடுத்தாள். ஷிப்டு நேரத்தில் அவனை அவள் கூப்பிட்டதே இல்லை.

முதல் மணியிலேயே எடுத்தான். "இன்னா ஆச்சு வினோ?"

"ஒண்ணும் ஆவலப்பா. நல்லாக்கீறேன், அத்தச் சொல்லத்தான்."

அவன் பின்னால் மெஷின்களின் இரைச்சல். அவள் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"நீ எப்டிக்கீற?"

அவன் நடப்பது கேட்டது. ஒரு இரும்புக் கதவு சாத்தப்பட, இரைச்சல் தணிந்தது.

"நான் நல்லால்ல வினோ."

பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. அவள் மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரோரம் ஒண்டி நின்றாள். கேட்டோரத் திண்டில் வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.