பொத்தான் மட்டும் அங்கே

அந்தத் தையற்கூடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரம் ஏது? யார் கோட்டின் எந்தப் பாகத்தைத் தைக்கிறாளோ அதுதான் அவள் பெயர். "பாக்கெட், அந்தக் கத்தரியை இப்படிக் குடு." "கை, உன்னை சூப்பர்வைசர் கூப்பிடுறாரு." நம்மவள் பெயர் காலர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கழுத்துப்பட்டி தைக்கிறாள். ஒருநாள் கடைவீதியில் யாரோ அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பாமலே போய்விட்டாள். அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

அவர்கள் தைப்பது பெரிய இடத்து ஆட்கள் குளிருக்குப் போடும் கம்பளிக் கோட்டு. துணி வெட்டுவது இங்கே, மூட்டுவது இங்கே, உள்துணி கொடுப்பது, ஆவி விட்டு இஸ்திரி போடுவது எல்லாம் இங்கே. பொத்தான் மட்டும் கிடையாது. பொத்தான் இல்லாத கோட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு நாட்டில், இதே கம்பெனிக்கு ஒரு சின்னக் கூடம் இருக்கிறது. அங்கே பதினான்கு ஆண்கள் உட்கார்ந்து கொம்புப் பொத்தான்களைக் கையால் தைப்பார்கள். கடைசியில், அந்த நாட்டில் தயாரானது என்று ஒரு லேபிளை வைத்துவிட்டால் தீர்ந்தது வேலை. இங்கே கப்பல் ஏறும்போது அது கோட்டு. அங்கே கடைக்குள் நுழையும்போது அது சீமாட்டி.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவன் நம்மவளின் புருஷன்.

அந்தச் சீமாட்டியின் விலை என்ன என்று வெகுநாள் யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஏதோ ஒரு கடையிலிருந்து உள்துணி விட்டுப்போன கோட்டு ஒன்று விலைச்சீட்டோடு திரும்பி வந்தது. பக்கத்து மெஷின் பாக்கெட் அக்கா அதை நம் காசுக்கு மாற்றிப் பார்த்தாள். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னொரு தடவை மாற்றினாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவிகளா! இந்தக் காசுக்கு நான் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமே போட்டுருவேன்டி!"

"ஒரு கோட்டுக்கா அக்கா?"

"கோட்டுக்கா குடுக்குறான்? ரெண்டு விரல் அகலம் லேபிளு, அதுக்குக் குடுக்குறான். கோட்டு அதுக்கு இலவசம்."

கூடமே சிரித்தது. ஒருத்தி இது பகல் கொள்ளை என்றாள். இன்னொருத்தி, வாங்குகிறவனுக்குக் கொழுப்பு, விற்கிறவன்மேல் என்ன தப்பு என்றாள். நம்மவளைக் கேட்டால் அந்த விலை சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவர் கை பட்ட சாமான், இருக்கட்டுமே என்று நினைத்தாள். பைத்தியக்காரி, வேறென்ன சொல்ல.

அந்தப் புருஷனும் ஒரு காலத்தில் இந்தக் கூடத்துக்காரன்தான். கைவேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதுவே வினையாகப் போயிற்று. மகள் தவழ ஆரம்பிக்கும் முன்பே கம்பெனி அவனைப் பொறுக்கியெடுத்து அங்கே அனுப்பிவிட்டது. "ரெண்டே வருஷம்மா, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இவளும் கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறாள், ஐந்து வருஷம் ஆகிவிட்டது. நடுவில் ஒருதடவை லீவில் வந்தான். மகள் அவனைக் கண்டதும் வீல் என்று கத்தினாள். பாடுபட்டுப் பழகி, அவன் தோளில் ஏறித் தலைமுடியைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்தபோது லீவு முடிந்துவிட்டது.

பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு காலரையும் நம்மவள் ஒருமுறை தடவிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பிசிறு பார்க்கிறாள் என்று தோன்றும். மேல் பொத்தான் தைக்கும்போது காலர் தன் மடியில்தான் கிடக்கும் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். அதிலிருந்து அவளுக்குக் கோட்டுகள்மேல் ஒரு பொறாமை. கோட்டாகப் பிறந்து தொலைத்திருந்தால் நானும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று பாக்கெட் அக்காவிடம் ஒருநாள் சொல்லியேவிட்டாள். அக்கா சிரிப்பாள் என்று பார்த்தால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சூப்பர்வைசர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். பொத்தானையும் இங்கேயே தைத்துவிடலாமா என்று மேலிடம் யோசிக்கிறதாம். அங்கே லேபிள் வைக்க ஒரே ஒரு உள்ளூர் ஆள் போதுமாம். அங்கே இருக்கும் நம் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்கு முன்னால் ஒரு பெட்டிக் கோட்டில் பொத்தான் தைத்துச் சாம்பிளாக அனுப்ப வேண்டும், அங்கே பாஸ் ஆனால் வேலை இங்கே வந்துவிடும் என்றார்.

"யாரு தைக்கிறீங்க?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, நம்மவள் எழுந்து நின்றாள்.

"காலர், உனக்குப் பொத்தான் வேலை தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் சார்."

கூடம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு வெட்கமே இல்லை. பொத்தான் இங்கே வந்தால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். இதைவிட லேசான கணக்கு உலகத்தில் உண்டா?

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவனுக்கு அங்கே காலை. வெளிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்காமலே போன் போட்டாள். விஷயத்தை மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"சாம்பிள் எப்ப வருது?" என்றான்.

"அதெல்லாம் வரும். மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க!"

சொல்லிக் கொடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, மனசு வைத்துச் சொல்லிக் கொடுத்தான். துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தை, அப்புறம் குச்சியை உருவு, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றிக் காம்பு கட்டு. கனத்த துணியம்மா, ஒட்டத் தைத்தால் சுருங்கிப்போகும். நூலுக்கு மெழுகு தேய்த்தாயா? முடிச்சைத் துணிக்குள்ளே புதை, வெளியே தெரிந்தால் அசிங்கம். தினமும் மத்தியானம் இதே பேச்சுதான். ஐந்து வருஷமாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம், வாடகை என்றே பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த நாட்களில்தான் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரிப் பேசினார்கள். சாப்பாடு டப்பாவிலேயே கிடந்து ஆறியது.

வீட்டில் பழைய போர்வை ஒன்றில் தைத்துப் பழகினாள். போர்வை முழுக்கப் பொத்தான் ஆகிவிட்டது. அதைப் போர்த்திப் படுத்த மகள் காலையில் கன்னத்தில் வட்ட வட்டத் தடத்தோடு எழுந்து வந்தாள்.

"அப்பா வந்தா எங்கம்மா படுப்பாரு?"

நியாயமான கேள்வி. இருப்பது ஒரு அறை. அவள் அன்றைக்கே அலமாரியைத் தள்ளிச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். கடைவீதிக்குப் போய் ஒரு தலையணை வாங்கி வந்தாள். அதைத் தட்டித் தட்டி வைத்தபோது அவளுக்கு அழுகையாக வந்தது. மகள் பார்க்கிறாளே என்று தூசி பட்டுவிட்டதாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள்.

சாம்பிள் கிளம்பும் அன்று போனில் கேட்டாள்.

"இத அங்க யாரு பாப்பாங்க? கண்டிப்பான ஆளா?"

"நான்தான் பாக்கணும். எங்கிட்டதான் குடுத்திருக்காங்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நெஜமாவா! அப்ப பாஸ்தான்னு சொல்லுங்க!"

"பொத்தான் நல்லா இருந்தா பாஸ்."

"நல்லா இல்லாமப் போயிருமா? யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் லேட்டாக வந்ததை அவள் கவனித்தாள். லைன் சரியில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்துவிட்டது. வேலை அதிகம் என்றான், தலைவலி என்றான். "அங்க எவளாவது..." என்று பாக்கெட் அக்கா ஆரம்பித்தாள். நம்மவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள்.

பெட்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதைக் காலர் மெஷின் பக்கத்தில் தொப்பென்று போட்டார்.

"எல்லாம் ஃபெயில். காம்பு தளர்வாம், இழுத்தாக் கையோட வந்துருமாம். சொன்னது யாரு தெரியுமா? உன் வீட்டுக்காரருதான். நல்ல குடும்பம்மா! பொத்தான் பேச்சே வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நீ காலரைப் பாரு."

நம்மவள் முகத்தில் ஈயாடவில்லை. பாக்கெட் அக்காதான் கோட்டு ஒன்றை உருவி எடுத்தாள். பொத்தானைப் பிடித்து இழுத்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். கடைசியில் கோட்டைத் தரையில் போட்டு ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பொத்தானை இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஓர் இழுப்பு இழுத்தாள். டர்ர் என்று சத்தம். அக்கா மல்லாக்க விழுந்தாள். பொத்தான் கையில்தான் இருந்தது, ஒரு துண்டுத் துணியோடு. துணியில் பொத்தான் அசையாமல் நின்றது.

"ஏன்டி, துணியே கிழிஞ்சுது! இதுவா தளர்வு?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அய்யய்யோ, அது என்ன விலை தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும் சார்" என்றாள் அக்கா தரையில் உட்கார்ந்தபடியே. "ரெண்டு தடவ மாத்திப் பாத்தோமே."

எல்லாரும் சிரித்தார்கள். நம்மவள் அந்தத் துண்டுத் துணியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். அவன் சொன்ன இடைவெளி, அவன் சொன்ன சுற்று, அவன் சொன்னபடி புதைந்த முடிச்சு. அவனுக்கா தெரியாது?

மத்தியானம் படியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"பொத்தான் நல்லாத்தான இருந்துச்சு?"

"சாப்பிட்டியாம்மா?" என்றான்.

"பாக்கெட் அக்கா காலால மிதிச்சுக்கிட்டு இழுத்தாங்க. துணிதான் கிழிஞ்சுது."

"இங்க பதினாலு பேரு இருக்கோம்மா" என்றான். "நான் கோட்டைக் கையில எடுத்ததும் பொழப்பு போயிருமோன்னு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க."

"சரி. அவங்களுக்காகவா?"

"இல்ல" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். தளர்வு என்று சொன்ன அந்த ஒரு பொய்க்கே அவனுக்குத் தலைவலி வந்திருக்கிறது.

"இங்க என்னை மாஸ்டருங்கிறாங்க. அங்க வந்தா நான் யாரு? காலரோட புருஷன். உனக்குப் பின்னாடி ஒரு மெஷின்ல உக்காரணும்."

"பின்னாடி எதுக்கு? பக்கத்துல உக்காருங்க. அதுக்குத்தான இவ்வளவும்."

"பயமா இருக்கும்மா. பாப்பாவுக்கு என்னைத் தெரியாது. உனக்கும் போன்ல பேசுற ஆளத்தான் தெரியும். நேர்ல நான் எப்படி இருப்பேன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. ரெண்டு நாள் அழுதிருப்பேன், சோறு எறங்கியிருக்காது, அப்புறம் எழுந்து வேலைக்கு வந்திருப்பேன். எதுக்கு என் பொத்தானக் குத்தம் சொன்னீங்க? உங்க சொல்லுக்குச் சொல் தச்சேனே!"

"சுமாரா இருந்திருந்தா நானே சரி பண்ணிப் பாஸ் போட்டிருப்பேன்" என்றான். "என்னோடதவிட நல்லா இருந்துச்சும்மா. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். எல்லாமே நல்லா இருந்துச்சு. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும், அதையும் நீயே பண்ணிட்ட. அப்புறம் நான் எதுக்கு அங்க?"

"எதுக்கா? பொத்தான் தைக்கவா உங்களக் கூப்பிட்டேன்?"

மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவள் வைக்கட்டும் என்று அவனும், அவன் வைக்கட்டும் என்று அவளும், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.