எல்க்போர்ட்டின் ஏழு ஓட்டு

லெமுவேல் க்ரோவெல் விவசாயி மகன். இரவல் வாங்கிய சட்டப் புத்தகங்களைப் படித்து வக்கீலானவர். இந்தியானாவின் தென்கோடியில் சேற்றுப் பாதைகளில் குதிரையேறிக் கோர்ட் கோர்ட்டாகப் போய்ப் பேர் வாங்கினார். மாநிலச் சட்டசபைக்கு இரண்டு தடவை ஜெயித்தார். 1858-இல் வாஷிங்டன் ஆசை வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கட்சி வேட்பாளர் அவரா, மில் முதலாளி ஹார்பிசனா என்று ஆகஸ்ட் மாநாட்டில் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஜூலையிலேயே அவர் மனசில் முள் தைத்துவிட்டது. வக்கீல் தொழிலில் பதினோரு வருடக் கூட்டாளி அசஹேல் பைக், விடுதிச் சாப்பாட்டு அறையில் ஹார்பிசனின் மைத்துனனோடு பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தான். இவரைக் கண்டதும் இருவர் பேச்சும் நின்றது. மறுவாரம் பைக் எல்க்போர்ட்டுக்குப் போய்வந்தது தெரிந்தது. அந்த ஊர் ஹார்பிசனின் கோட்டை.

"எல்க்போர்ட்ல உனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலி வழக்கு," என்றான் பைக், தலை நிமிராமலே.

க்ரோவெல் வழக்குப் பதிவேட்டைப் புரட்டினார். எல்க்போர்ட்டிலிருந்து வேலி வழக்கே இல்லை.

"அவரையே நேராக் கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி தர்ஸா.

"திருடன்கிட்டயே திருடினியான்னு கேக்கச் சொல்றியா?"

மாநாட்டன்று எல்க்போர்ட்டின் ஏழு பிரதிநிதிகளும் பைக்கோடு சேர்ந்தே உள்ளே வந்தார்கள். பைக் இவரைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தூக்கிக் கண்ணடித்தான். க்ரோவெலுக்கு ரத்தம் கொதித்தது. விருட்டென்று எழுந்தார்.

"தலைவரே! இவங்களைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு முறைப்படி நோட்டீஸே ஒட்டலை. இந்த ஏழு பேர் ஓட்டும் செல்லாது!"

"லெமுவேல், உட்காருய்யா!" என்று பைக் கத்தினான்.

அந்தக் கத்தலே போதும் என்றிருந்தது அவருக்கு. முக்கால் மணி நேரம் சட்டம் பேசினார். அவர் வாழ்நாளில் அதைவிட நன்றாக வாதாடியதில்லை. ஏழு பேரையும் வெளியே அனுப்பினார்கள். ஹார்பிசன் ஆட்கள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான்.

ஓட்டு எண்ணினார்கள். ஹார்பிசனுக்கு நாற்பத்தொன்று, க்ரோவெலுக்கு முப்பத்தெட்டு.

வாசலில் பைக் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஏழும் உன் ஓட்டுய்யா. அந்த மைத்துனனுக்கு ஹார்பிசன் மேல கோபம். அவனை வச்சு ஒவ்வொருத்தரா இழுத்தேன்."

க்ரோவெல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"உன் வாயில எது நின்னிருக்கு? காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள நாவிதன் கடைக்கு வந்துடும். சரி, அது போகட்டும். என்னை என்னன்னு நினைச்சே?"

அந்தக் கேள்விக்கு க்ரோவெலிடம் சட்டம் இல்லை.

இலையுதிர் காலத்தில் பைக் தன் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கான்சாஸுக்குப் போய்விட்டான். க்ரோவெல் பிறகு வட்டார நீதிபதியாகிப் பதினான்கு வருடம் இருந்தார். வாஷிங்டனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கான்சாஸுக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: பழைய நில வழக்கு ஒன்றின் நகல் வேண்டும், அவ்வளவே.

க்ரோவெல் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல என்ன உள்நோக்கமோ?"

"காகிதம்தானே கேட்டிருக்கார்," என்றாள் தர்ஸா. "அனுப்புங்க."

அன்று மத்தியானமே, தன் கையாலேயே நகலெடுத்து, தபாலில் சேர்த்தார்.