ஆயில் விளக்கு

அக்காளின் கணவர் பந்தயக் கார் ஓட்டுபவர். அந்தக் காருக்கு இன்ஜின் கட்டுவது தம்பியின் வேலை. ஒன்பது வருடங்களாக இருவரும் ஒரே பட்டறையில் கிடந்தார்கள். "நீ கட்டுற இன்ஜின் உன் அக்கா மாதிரி மாப்ள, சூடாயிட்டா கிட்ட போக முடியாது" என்று அத்தான் சொன்னால், அக்காள் அடுப்படியிலிருந்தே கரண்டியை ஓங்கிக் காட்டுவாள்.

இன்ஜின் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் ஆயில் சொன்ன பேச்சைக் கேட்காது. சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நீண்ட வளைவில் கார் திரும்பும்போது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில் மொத்த ஆயிலும் ஒரு பக்கமாக ஏறி நின்றுகொள்ளும். உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் மிஞ்சும். ஓட்டுபவர் முன்னால் சிவப்பு ஆயில் விளக்கு எரியும். ஒரு நொடி போதும், பேரிங் காய்ந்துவிடும். அதற்காகவே தம்பி சேம்பருக்குள் தகட்டுத் தடுப்புகள் வைத்து, ஆயிலைக் குழாய்ப் பக்கம் உள்ளே விட்டு, திரும்ப வெளியே விடாத சின்னக் கதவுகளை மாட்டியிருந்தான். மூன்று வருடங்கள் ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் புது டயர் வந்தது. தரையை விடாமல் கவ்வும் டயர். வளைவில் வேகம் கூடியது. ஆயிலும் முன்னைவிட உயரம் ஏறும். பயிற்சி முடித்து இறங்கிய அத்தானிடம் தம்பி முதலில் கேட்டது அதைத்தான்.

"பெரிய வளைவுல ஆயில் விளக்கு எரிஞ்சுதா அத்தான்?"

"எங்க எரிஞ்சுது? நான் என்ன கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறேன்?"

"லேசா மினுக்குனாகூட சொல்லுங்க. கழட்டி, தடுப்ப ஒசத்திடுறேன். மூணு நாள் வேலை."

"நாளைக்குப் பந்தயம், இவனுக்கு மூணு நாள் வேணுமாம். போய்ச் சாப்பிடு போ."

மறுநாள் பதினாலாவது சுற்றில், அதே பெரிய வளைவில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஆயில் பின்சக்கரங்களில் கொட்டியது. கார் சுழன்று சுவரில் மோதியது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அத்தானின் உயிர் போய்விட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துப் பந்தயம் நடத்தியவர்கள் காரைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் காருக்குள் பூட்டி வைத்திருந்த பதிவுப் பெட்டியின் தாளும் கூடவே வந்தது. பயிற்சியின்போது அந்த வளைவில் பதினோரு முறை விளக்கு அரை அரை நொடி எரிந்து அணைந்திருக்கிறது. அத்தான் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. தம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இன்ஜினைப் பிரித்தான். ஒரு பேரிங் கருநீலமாகத் தீய்ந்து போயிருந்தது.

மறுநாள் காலை அக்காள் பட்டறைக்கு வந்தாள்.

"என்னதான்டா ஆச்சு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

அவர் தெரிந்தே போனார் என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"என் தப்புக்கா. தடுப்பு பத்தல. நான்தான் பாத்திருக்கணும்."

அவன் பிரித்துப் போட்டிருந்த இன்ஜினையே அக்காள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய் சொல்லாத தம்பி. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கிட்ட சொன்னாரு. விளக்கு எரியுது, உன் தம்பிக்குத் தெரிஞ்சா வண்டியப் பிரிச்சுப் போட்டுருவான், வாயத் தொறக்காதன்னாரு. பெட்ரோல் கொறைஞ்சா ஒரு விளக்கு எரியுமே, அந்த மாதிரின்னு நெனச்சுட்டேன்டா. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவள்தான் மறுபடி கேட்டாள்.

"அந்த விளக்கு எரிஞ்சா எவ்வளவு நேரம் இருக்கும்?"

இன்னொரு பொய் சொல்லத்தான் நினைத்தான். வாய் வரவில்லை. "நேரமே இல்லக்கா."

அவள் அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதாள். கிரீஸ் கையோடு அவன் பக்கத்தில் நின்றான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"அவங்கம்மா கேட்டா என்னடா சொல்றது?"

"நான் சொன்னதே இருக்கட்டும்."

அத்தானின் அம்மா அதை நம்பிவிட்டார். தம்பி அந்த வீட்டுக்குப் போனால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அக்காள்தான் வாசல்வரை வருகிறாள். கொஞ்சநேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.