தோர்கிலின் கேக் பெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை அறிவியலில் பிறக்கவில்லை. இதோ, ஆய்வுக்கூடத்து மேசைமேல் நூல் கட்டி இருக்கிறதே ஒரு கேக் பெட்டி, அதில் பிறந்தது. இன்னும் திறக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஓடென்ஸ நகரின்மேல் கண்ணுக்குத் தெரியாத பகைவன்…’ சே, சினிமா சுவரொட்டி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: நாங்கள் வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, புதிய வகை கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள். மாதிரிகளைக் கலந்து சொதப்பியவர் வெள்ளிக்கிழமை கேக் வாங்கிவர வேண்டும். பதினெட்டு வருடமாக வாங்காத ஒரே ஆள் தோர்கில். அந்தத் திமிர் இருக்கிறதே! (நான் ஏழு கேக். அது கதைக்கு வேண்டாம்.)

3

நேற்று, ஒரு முதியோர் இல்லத்தின் மூன்று மாதிரிகளிலும் ஒரே புதிய வகை. சுகாதாரத் துறைக்கு அறிக்கை போனால், பார்க்க வருகிறவர்களுக்கு இல்லத்தின் கதவை மூடிவிடுவார்கள். அங்கேதான் தோர்கிலின் அம்மா வால்போ இருக்கிறாள். இன்று அவளுக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள்.

“நான்தான் சொதப்பிட்டேன்னு நினைக்கிறேன். ஒண்ணு இன்னொண்ணுல தெறிச்சிருக்கும்” என்றான் தோர்கில்.

“யாரு, நீயா?” எங்கள் தலைவி லிஸ்பெத் சிரித்தேவிட்டாள்.

“ஏன், நான் மனுஷன் இல்லையா? மறுபடி ஓட்டிப் பாக்கலாம். திங்கட்கிழமை தெரிஞ்சிடும்.”

“அதுக்குள்ள அங்க எத்தனை பேருக்குத் தொத்திக்கும்? உங்கம்மாவையும் சேர்த்துத்தான் கேக்குறேன்.”

அவன் காது சிவந்துவிட்டது.

“சாயங்காலம் வரைக்கும் யோசி. சொதப்பினேன்னு எழுதிக் குடுத்தா நிறுத்தி வெக்கிறேன். இல்லேன்னா அனுப்பிடுவேன்.”

அந்த நேரம் பார்த்து நான் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டேன். கதாசிரியன் செய்கிற வேலையா இது!

4

காலையில் வந்தால் பெட்டி இருக்கிறது, தோர்கில் இல்லை. லிஸ்பெத் கூட்டத்தில்.

(அடிக்குறிப்பு: இங்கே பிறந்தநாள் கேக்கில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் குத்துவார்கள். சொதப்பல் கேக்கில் யாரும் கொடி குத்துவதில்லை.)

கொடி இல்லையென்றால், பொய் எழுதிக் கொடுத்து, அதற்கான கேக்கையும் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். கொடி இருந்தால், இது மூடிய கதவிலிருந்து திரும்பி வந்த கேக். அதை இங்கே வைத்துவிட்டு மறுபடி போய், அம்மாவின் சன்னலுக்கு வெளியே நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது முடிவு: அவன் உண்மையிலேயே சொதப்பியிருந்து… வேண்டாம். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தக் கேக்கானாலும் தொண்டையில் இறங்காது. நூலை மட்டும் அவிழ்த்துவிட்டேன். மூடியை நீங்கள் தூக்குங்கள்.