தொண்ணூற்றாறில் நின்ற திரை

டாக்டர் செல்லப்பன் தமது சுழல் நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரே, இங்கே சிகிச்சையில் இருந்தபோது இறந்துபோன ராயம்மாளின் மகன் பிரிட்டோ. சுவரோரம் ஸ்டூலில் நர்ஸ் அனு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பீமாராவ், நாற்காலி போட்டும் உட்காராமல் கதவருகே நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து கடிதங்கள் எழுதித் தரும் நான் மேசையின் பக்கவாட்டில் இருந்தேன்.

பிரிட்டோ கலெக்டருக்குப் புகார் எழுத இருந்தார். "நம்ம யாகப்பனே எழுதித் தருவாரு" என்று என்னைக் கூப்பிட்ட டாக்டர், வாசகத்தையும் அவரே சொன்னார்: நர்ஸ் கவனிக்காததால் சாவு. அது அப்படியே போனால் விசாரணை அனு ஒருத்தியின் மேல்தான் விழும். நர்ஸ் பதிவே ரத்தாகலாம். நான் எழுதி முடித்துவிட்டேன், பிரிட்டோவின் கையெழுத்துதான் பாக்கி.

"கொஞ்சம் இருங்க," என்றார் பீமாராவ். "தப்பு என்னுது."

"ஒன்ன யாருய்யா கேட்டா?" என்றார் டாக்டர்.

பீமாராவ் பிரிட்டோவைப் பார்த்தே விளக்கினார். ஆஸ்பத்திரிக்கு ஒரே சர்வர். அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல இரண்டு ஓடுகின்றன. ஒன்று ஸ்கேன் படங்களைச் சென்னைக்கு அனுப்பும். மற்றது நோயாளியின் விரல் கிளிப்பிலிருந்து ஆக்சிஜன் அளவை வாங்கி நர்ஸ் மேசைத் திரையில் காட்டும். கட்டிலருகே திரை கிடையாது. இரண்டுக்கும் வழி ஒரே நெட்வொர்க் கார்டு. படம் போகத் தாமதமாகிறது என்று டாக்டர் சத்தம் போடவே, கார்டு ஸ்கேனுக்கே முதலிடம் தரும்படி பீமாராவ் செட்டிங்கை மாற்றினார்.

"டெஸ்ட் பண்ணலியா?" என்றார் பிரிட்டோ.

"பண்ணேன். அமாவாசைக்கு மறுநாளு."

எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக எதைச் செய்தாலும் அந்த நாளில்தான். அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும். வழியில் விபத்தில் அடிபட்டவர்கள் எங்களிடம் வருவார்கள். மறுநாள் வார்டு காலி, ஸ்கேனும் கிடையாது, தொந்தரவில்லை. ராயம்மாள் இறந்ததோ அடுத்த அமாவாசை சாயங்காலம். வேன் கவிழ்ந்து வந்தவர்களுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

"அவங்க எறந்த மறுநாளே பழையபடி ஆக்கிட்டேன். வார்டுல இப்ப யாரும் இல்ல, அந்த செட்டிங்க ஒரு தபா திரும்பப் போட்டுக் காட்டறேன். சார், வெரல நீட்டுங்க."

"இன்னாய்யா, வித்த காட்டறியா?" என்றாலும் டாக்டர் எங்களோடு நர்ஸ் மேசைக்கு வந்து கிளிப்புக்கு விரலை நீட்டினார். திரையில் தொண்ணூற்றெட்டு. பீமாராவ் செட்டிங்கை மாற்றி, பழைய ஸ்கேன் படங்களை மொத்தமாக அனுப்பத் தொடங்கினார்.

"இப்பக் கழட்டுங்க."

டாக்டர் கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திரையில் தொண்ணூற்றெட்டு அப்படியே நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். படங்கள் போய்க்கொண்டிருந்தவரை அது மாறவில்லை.

"சார் செத்தாலும் இது நல்லா கீறாருன்னுதான் சொல்லும்," என்றார் பிரிட்டோ. நான் எழுதிய தாளை அவர் நான்காகக் கிழித்தார்.

"வேற எழுதுங்கண்ணே. மாத்தினவரு, மாத்தச் சொன்னவரு, ரெண்டு பேரு பேரும் அதுல வரணும்."

"யாகப்பா, நாளைக்கு எங்க உக்காந்து எழுதுவ, யோசிச்சுக்கோ," என்றார் டாக்டர். நான் புதுத் தாளை எடுத்தேன்.

"அப்ப என் பேரு?" என்று கேட்டாள் அனு.

பிரிட்டோ அவள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா மூச்சு முட்டுதுன்னு ஒங்களாண்ட சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தொண்ணூத்தாறு இருக்குது, ஒண்ணுமில்ல, படுங்கம்மான்னேன்."

"கிட்ட வந்து மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்ல," என்றாள் அனு. வேன் கவிழ்ந்து வந்தவர்களின் ரத்தத்தைத் துடைக்க அன்று அவள் ஒருத்திதான் இருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

"நீங்க மட்டும்னு எழுத மாட்டேன். ஆனா ஒங்க பேரும் இருக்கட்டும்," என்றார் பிரிட்டோ.

அனு என்னைப் பார்த்தாள். "எழுதுங்கண்ணே."

நடந்ததை நடந்த வரிசையில் எழுதினேன். அனு தனியாக இருந்ததையும் ஒரு வரியாகச் சேர்த்து, உரக்கப் படித்தேன். அந்த வரி வந்தபோது பிரிட்டோ கையமர்த்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்திட்டார். தாளை மடித்து உறையிலிட்டுப் பசை தடவி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். பிரிட்டோவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், தபாலாபீஸ் மூடுவதற்குள் பதிவுத் தபாலில் சேர்த்தோம்.