மனோகரன் வக்கீலின் வாய்தா வைத்தியம்

"ஏனுங்க வக்கீலய்யா, பதில் மனுவே போடலைன்னா என்னங்க அர்த்தம்? போகப்போறது எம்பட பேக்டரிங்க! உங்க ஊட்டுக் கோழிக்கூண்டு இல்ல!"

"கத்தாதீங்க அம்புரோஸ். கீழ பேக்கரி வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டுமுங்க! குன்னூரே கேக்கட்டும்!"

குன்னூர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வர்க்கி வாங்க வந்தவர்கள் மீதிச் சில்லறை வாங்கிய பிறகும் நகரவில்லை.

மாடியில் மனோகரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். நாலு ஜூனியர், தேக்கு மேஜை, வாசலில் பித்தளைப் பலகை. அத்தனையும் வாய்தா வாங்கியே சம்பாதித்தது என்பது ஊரறிந்த சங்கதி. பர்லியாறில் மரம் விழுந்தது, காட்டேரியில் மண் சரிந்தது என்று அவர் கோர்ட்டில் குழைந்தால் மலையே சாட்சிக்கு வந்து நிற்கும். எதிராளி கோயம்புத்தூரிலிருந்து ஏறி ஏறிக் களைத்துக் கடைசியில் ராஜிக்கு வந்துவிடுவான்.

அம்புரோஸின் தேயிலை பேக்டரிக்கு மெஷின் விற்ற கம்பெனி பாக்கி கேட்டு வழக்குப் போட்டபோதும் அதே வைத்தியம்தான். மெஷினே பழுது, பதில் மனுவில் அதைச் சொல்லியிருந்தால் போதும். மனோகரன் வாய்தா வாங்கினார். மழைக்கு ஒன்று, சீசன் நெரிசலுக்கு ஒன்று. ஆனால் இது வணிக வழக்கு. சம்மன் வந்து நூற்றிருபது நாளுக்குள் பதில் மனு போடாவிட்டால் பிறகு நீதிபதியே நினைத்தாலும் வாங்க முடியாது. சட்டம் வந்து வருஷக்கணக்காகிறது. ஜூனியர் ரேணுகா ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் தீர்ப்பு தீர்ப்பாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ஐயா ஒரு கும்பிடு போட்டார். திறந்து பார்த்தால்தானே!

நேரிலும் சொன்னாள்: "சார், நாள் ஓடுதுங்க சார்."

"மலையில நாள் மெதுவாத்தான்மா ஓடும்."

அன்று காலையில்தான் ஊட்டி கோர்ட்டில் நீதிபதி கையை விரித்திருந்தார். அம்புரோஸ் கத்திவிட்டுப் போனதும், மனோகரன் காரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊட்டிக்கே ஓடினார். எதிர்த்தரப்பு வக்கீல் தீபக் கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றிருந்தான். அவர் மகன் வயசு. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மட்டும் ஆட்சேபிக்காம இருந்தீங்கன்னா..."

"நான் சும்மா இருந்தாலும் சட்டம் ஆட்சேபிக்குமே சார்." பையன் நெளிந்தான். "டீ சாப்பிடுங்க சார்."

டீ வந்தது. அது ஆறும்வரை அவர் அவன் கையை விடாததை டீக்கடையே பார்த்தது. கட்சிக்காரனை விடுங்கள், இந்தச் சேதி ஒவ்வொரு எஸ்டேட்டாக இறங்கினால் நாளைக்கு எவன் படியேறுவான்? அந்தப் பயத்தில்தான் சென்னை ஐகோர்ட்டுக்கும் போனார், சொந்தக் காசில். அங்கே அவர் மண்சரிவைப் பற்றித் தொடங்கியதும், "சட்டத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். அவர் வாய்தா கேட்டார்; மனு தள்ளுபடி.

வழக்கு மெஷின் கம்பெனி பக்கம் தீர்ப்பாகி, பேக்டரி ஏலத்துக்குப் போனது. அம்புரோஸ் மகள் வீட்டோடு சூலூருக்குப் போய்விட்டார். மூன்று ஜூனியர்கள் ஆளுக்கொரு திசையில் கழன்றுகொண்டார்கள். ரேணுகா கூடலூர்க்காரன் ஷிஜோ என்பவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஆபீஸ் போட்டாள். பித்தளைப் பலகையெல்லாம் இல்லை, வாசலில் எந்நேரமும் கூட்டம். மனோகரன் பெங்களூரில் மகனோடு இருக்கிறாராம். பேரன்களை ஸ்கூல் வேனுக்கு நேரத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு என்று கேள்வி; பாவம், பையன்கள்.