குதிகாலைத் தூக்காமல்

ஜீவமணி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் மில்லர்புரத்தில் அந்தத் தெருவே வாயை மூடிக்கொள்ளும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபது வருஷமாக அவள்தான் முடிவு ஜெபம். பரீட்சை எழுதுகிற பிள்ளை, விசாவுக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை, கப்பலில் போன மகன் என்று ஆளுக்கொரு பெயரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்று, ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். கூடப்பிறந்த தங்கச்சி ஜெப்ஸியின் பெயர் அது.

பக்கவாதம் வந்த அப்பாவை மூன்று வருஷம் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கரண்டியால் கஞ்சி ஊட்டியவள் ஜீவமணி. அடக்கத்தன்று கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள் ஜெப்ஸி. பெட்டிக்குள் எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைப் பார்த்ததும், "எப்பா, ஒங்களுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளில்லாமப் போச்சே!" என்று ஊர் கேட்க அழுதாள். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் பாஸ்டர் நின்றார், சபையார் நின்றார்கள், அவள் ஆபீஸ்காரர்கள் நின்றார்கள். ஜீவமணிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது.

அந்த ஜெப்ஸிதான் சனிக்கிழமை போன் பண்ணினாள்.

"யக்கா, கர்ப்பப்பையில கட்டி. வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு சொல்லுவாவளாம். எனக்கு வேற யாரும் ஜெபிக்க வேண்டாம், நீ ஜெபி."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள் ஜீவமணி. ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜெபிக்காமல் இருந்த பழக்கம் அவளுக்கு இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

இதற்கு நடுவே வலது தோள் வேறு. ஆறு மாதமாகக் கை காதுக்கு மேலே போகவில்லை. துறைமுக ரோட்டில் அவள் வேலை பார்க்கிற ஷிப்பிங் ஆபீஸில், மேல் தட்டு பைல் எல்லாவற்றையும் பக்கத்து மேஜை ஆவுடையப்பன்தான் எடுத்துத் தர வேண்டியிருந்தது. தலை பின்னிவிடுவது கணவர் செல்வதுரை. அவர் போட்ட சடை எந்தத் திசைக்குப் போகும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். கடைசியில் அவரே பிடித்துத் தள்ளாத குறையாகத் திங்கட்கிழமை பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே வைத்தியம் பார்க்கிற முத்துச்செல்வி என்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையைத் தூக்கிப் பார்த்தாள். ஜீவமணி அலறினாள்.

"வலிக்குன்னு அசைக்காமலே வச்சிருந்திய பாத்தியளா, அதுலதாம்மா இறுகிப்போச்சு. இனி கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏற வேண்டும். வலி வந்த இடத்தில் நிறுத்திப் பத்து எண்ண வேண்டும். அங்கே பென்சிலால் ஒரு கோடு. நாளைக்கு அதற்கு மேலே ஒரு விரற்கடை. அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் ஜீவமணி கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஏறிவிட்டாள். எதிலும் முதலாக வந்தே பழகிய உடம்பு. பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், முத்துச்செல்வியின் கண் சுவரில் இல்லை, தரையில் இருந்தது.

"அம்மா, குதிகாலக் கீழ வைங்க. கை ஏறல, நீங்கல்லா ஏறுதிய."

குதிகாலைக் கீழே வைத்தாள். விரல் நேற்றைய கோட்டுக்கே வந்து நின்றது.

"கோடு ஒசரத்துல இருந்து என்னத்துக்கு? நாளைக்கு நீங்க தல சீவணும்லா?" என்று சிரித்தாள் முத்துச்செல்வி.

புதன்கிழமை விடியற்காலம் ஜீவமணி முழங்காலில் நின்றாள். "வியாதிப்படுக்கையில் இருக்கிற யாவரையும், எங்கள் உற்றார் உறவினர் அனைவரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஆற்றொழுக்காக வந்தது ஜெபம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான். அந்த அனைவருக்குள் ஜெப்ஸியும் அடக்கம் என்று மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்கு அந்த வாக்கியத்தில் நாக்கு நின்றுவிட்டது. தன் குதிகால் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

"ஜெப்ஸி" என்றாள்.

உடனே காதுக்குள் அந்த ஒப்பாரி. ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளில்லாமப் போச்சே. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரோடு அங்கேயே நின்றாள். கோபத்தில் அழுதாள். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணியவளுக்குத் தங்கச்சி பெயருக்கு மேலே ஒரு வார்த்தை வரவில்லையே என்று வெட்கத்திலும் அழுதாள். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

வியாழக்கிழமை, "ஜெப்ஸிக்கு நாளைக்கு ஆப்பரேஷன், ஆண்டவரே" என்பது வரை வந்தாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

காலை ஆறரைக்குப் போன் அடித்தது.

"யக்கா, உள்ள கூட்டிட்டுப் போப்போறாவ. பயமா இருக்கு. சத்தமா ஜெபி, நான் கேக்கணும்."

"எங்கள் அன்பின் பரம பிதாவே, வானத்தையும் பூமியையும்..." என்று ஆரம்பித்த ஜீவமணி சட்டென்று நிறுத்தினாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளேயிருந்து செல்வதுரை குரல் கொடுத்தார். பொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆண்டவரே, ஜெப்ஸி மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. அது ஒமக்கே தெரியும். ஆனா அவ எனக்கு வேணும். கூடப்பொறந்ததுன்னு எனக்கு இருக்கது அவ ஒருத்திதான். பொழைக்க வையும்."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆமென் சொல்லக்கூடக் குரல் எழும்பவில்லை. மறுமுனையிலிருந்து ஜெப்ஸிதான் ஆமென் சொன்னாள்.

"யக்கா... அன்னைக்கு நான் அப்பா பக்கத்துல நின்னு சொன்னது..."

"ஏளா, சும்மா இரி. அத இப்ப சொல்லாத" என்றாள் ஜீவமணி. "ஆப்பரேஷன் முடிஞ்சி, எந்திச்சி, இங்கன வீட்டுக்கு வந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."